கேம்ல லாரி ஓட்டினா, ரோட்டுல லாரி ஓட்ட வருமா?

(ஓட்டுநர் உரிமம் பற்றி இளைஞர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. உங்கள் போனில் பஸ் கேம், லாரி கேம் ஏதாவது இருக்கா? கூச்சமே வேண்டாம், என் போனிலும் இருக்கு. இந்தோனேசியாவில் உருவான பஸ் சிமுலேட்டர் கேமில் நம்ம ஊர் பஸ் கலரை ஒட்டி, ஹாரனையும் மாற்றி, ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே. செக் நாட்டு நிறுவனம் ஒன்று 2012-இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ கேமை, தனியாக ஸ்டீயரிங், பெடல் எல்லாம் வாங்கி மாட்டி ஓட்டுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “கேம்ல ஆயிரம் மணி நேரம் ஓட்டியிருக்கேன். நிஜ லாரியைக் கொடுத்தா ஓட்டிட மாட்டேனா?”

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்த லாரி ஆபீஸில் போய் உட்கார்ந்தாலும், நல்ல டிரைவர் கிடைக்கவில்லை என்ற பேச்சு வரும். ஒரு இளைஞருக்கு லாரி மேல் ஆசை இருந்தால் அது ஒரு குடும்பத்துக்கு வருமானமாக மாறலாம். அதே ஆசை அவசரப்பட்டால் யாரோ ஒருவருடைய உயிரும் போகலாம். அதனால் பதிலை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

என் பதில் இதுதான்: பாதி வரும். எந்தப் பாதி வரும், எந்தப் பாதி வராது என்று தெரியாமல் வண்டியில் ஏறினால்தான் ஆபத்து.

கேம் கொடுக்கும் பாதி

என் அத்தை பையனின் கதையைச் சொல்கிறேன். அவன் அப்பா, அதாவது என் மாமா, 26 வருடமாக லாரி ஓட்டுகிறார். பையன் மூன்று வருடமாக கேமில் லாரி ஓட்டினான். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்ததும், ஹெவி எல்.எல்.ஆர். போட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தான்.

முதல் வாரமே பயிற்சியாளர் அவனிடம் கேட்டாராம், “ரெண்டு பக்கமும் கண்ணாடி பார்க்கிற பழக்கம் எப்படிப்பா வந்துச்சு? புதுசா வர்றவங்க முன்னாடி மட்டும்தானே பார்ப்பாங்க?” பின்னால் எடுக்கும்போதும் அவன் தடுமாறவில்லை. பெரிய வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அதனால் வளைவில் கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டும். இது அவனுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

டிரெய்லர் என்றால் இன்னும் சிக்கல். பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால், டிரெய்லரின் பின்பக்கம் எதிர்ப்பக்கம் போகும். நிஜ வண்டியில் இதைக் கற்றுக்கொள்ள இடம் வேண்டும், டீசல் வேண்டும், திட்டாத ஓனர் வேண்டும். கேமில் நூறு தடவை இடித்து, நூற்றியோராவது தடவை சரியாக நிறுத்தலாம். செலவு ஒன்றும் இல்லை.

இன்னும் சில நல்ல பழக்கங்களும் வருகின்றன. இண்டிகேட்டர் போடுவது, சிக்னலில் நிற்பது, போகிற வழியை முன்கூட்டியே பார்த்து வைப்பது, சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காசு என்ற எண்ணம். பெரிய வண்டியை அவசரமில்லாமல் ஓட்ட வேண்டும் என்ற பொறுமையும் நல்ல சிமுலேட்டர் கேமில் வரும்.

இவ்வளவும் கண்ணாலும் மூளையாலும் கற்கிற விஷயம். இதுதான் அந்தப் பாதி.

சீட்டில் தெரிவது

அதே பையன் முதல் நாள் பிரேக் மிதித்தபோது என்ன நடந்தது தெரியுமா? கேமில் மிதிக்கிற மாதிரி கடைசி வரை ஒரே அமுக்கு அமுக்கினான். வண்டி குலுங்கி நின்றது. கேபினில் இருந்த மூன்று பேரும் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். ஏர் பிரேக்குக்குப் பாதம் எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்று மேசைக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் பெடல் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு தவறு கொஞ்சம் பயமுறுத்துகிற தவறு. அவன் கேமில் ஓட்டியது பெரும்பாலும் ஐரோப்பிய ரோடு. அங்கே வண்டிகள் வலதுபுறம் போகும். நம் ரோட்டில் ஒரு சந்திப்பில் நுழையும்போது அவன் கண் முதலில் தப்பான பக்கம் போயிருக்கிறது. பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் சரியாயிற்று. மூன்று வருடப் பழக்கம் கைகொடுக்கவும் செய்யும், காலை வாரவும் செய்யும் என்று அன்று அவனுக்குப் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை அந்த கேமில் உட்கார வைத்தோம். 26 வருட அனுபவம். முதல் ரவுண்டானாவிலேயே தடுப்புச் சுவரில் ஏற்றிவிட்டார்! வீடே சிரித்தது. மாமா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு எழுந்து சொன்னார், “உட்கார்ற எடத்துல ஒண்ணுமே தெரியலையே கண்ணு. வண்டி சாயுதா, லோடு தள்ளுதா, டயர் வழுக்குதா, எதுவுமே வரல.”

அவர் லாரியைக் கண்ணால் மட்டும் ஓட்டவில்லை. சீட்டில் வரும் அதிர்வு, பாதத்தில் வரும் எதிர்ப்பு, இன்ஜின் சத்தம், வாசனை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறார். திரையில் வருவது படமும் ஒலியும்தான். மிஞ்சியது எல்லாம் வண்டியில்தான் கிடைக்கும்.

தொப்பூர் இறக்கம்

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு சின்ன கார் ஏறக்குறைய ஒரு டன். பத்துச் சக்கர லாரிக்குச் சட்டப்படி அனுமதி, சரக்கோடு சேர்த்து 28.5 டன். அதாவது 28 கார்களை ஒன்றாகக் கட்டி நீங்கள் ஒருவரே ஓட்டுகிற மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு.

சமதளத்தில் இதைச் சமாளித்துவிடலாம். இறக்கத்தில் கதை வேறு. தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் வரும் தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விபத்துச் செய்திகளில் அடிக்கடி வருகிற பெயர்.

இறக்கத்தில் வண்டியின் எடையே அதை முன்னால் தள்ளும். அதைப் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டே இறங்கினால், லைனரும் டிரம்மும் சூடாகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் சூடானால் லைனர் பிடிக்காது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்கினால் நிலைமை இன்னும் மோசம். அப்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்காது, முழுப் பாரமும் பிரேக் தலையில்தான் விழும். அதனால்தான் பழைய டிரைவர்கள் சொல்வார்கள், எந்த கியரில் ஏறுவியோ அந்த கியரில் இறங்கு என்று. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, இன்ஜினால் வேகத்தைக் கட்டி வைத்து, பிரேக்கைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல சிமுலேட்டர் கேம்களில் இன்ஜின் பிரேக், ஏர் பிரஷர் எல்லாம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அத்தை பையனுக்கும் அதெல்லாம் அத்துப்படி. லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால் ஒரு டிரிப், மாமாவோடு துணைக்குப் போனான். தொப்பூர் இறக்கத்தில் மாமா கியரைக் குறைத்து மெதுவாக இறங்குகிறார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் மேல் ஹாரன். பக்கத்தில் ஒரு லாரி தாண்டிப் போயிற்று. திடீரென்று ஏதோ தீய்கிற வாசனை.

“என்னப்பா வாசம் இது?”

“அந்த வண்டியோட பிரேக் லைனர் தீயுது கண்ணு. அவனுக்கு இன்னும் பாதி இறக்கம் இருக்கு.”

அதற்குப் பிறகு இறக்கம் முடியும் வரை மாமா ஒரு வார்த்தை பேசவில்லையாம். கீழே போய்ப் பார்த்தால், அந்த லாரி ஓரமாக நின்றிருந்தது. சக்கரத்தில் புகை. டிரைவர் இறங்கி, லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கேம்ல எனக்கு இது எல்லாமே தெரியும். ஆனா அந்த வாசத்துக்கு அப்புறம்தான் உள்ளுக்குள்ள இறங்குச்சு” என்று அத்தை பையன் சொன்னான்.

24 நிமிடத்தில் மதுரை

அடுத்தது நேரம். யூரோ டிரக் சிமுலேட்டரின் வரைபடம் நிஜ உலகத்தை ஏறக்குறைய 19-இல் ஒரு பங்காகச் சுருக்கியது. அதே கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர். கேம் கணக்கில் அது 24 கிலோமீட்டர். அறுபதில் போனால் 24 நிமிடத்தில் மதுரை வந்துவிடும்!

நிஜ லாரிக்கு அது ஒரு முழு ராத்திரி. விழுப்புரம் தாண்டியதும் கண் எரியும். திருச்சி வருவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். விடியற்காலை மூன்று மணிக்கு வருகிற தூக்கம் சொல்லிவிட்டு வராது. கேமில் தூங்க ஒரு பட்டனை அழுத்தினால் போதும். நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்த இடம் தேட வேண்டும், தார்ப்பாயை, கயிற்றை, டீசல் டேங்க்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும், லோடு இறக்க வேண்டிய நேரமும் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 என்று ஒன்று 2025 வரை இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று அது சொன்னது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் முன் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் இல்லை, உங்கள் உரிமை.

ரோட்டில் இருப்பவர்கள்

கேமில் வருகிற கார்கள் பெரும்பாலும் தங்கள் பாதையில் ஒழுங்காகப் போகும். நம் ரோட்டில் எதிர்த் திசையில் டூவீலர் வரும். நெல் காயப் போட்டிருப்பார்கள். லைட் இல்லாத டிராக்டர் நிற்கும். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வரும். லாரி கேபின் உயரத்திலிருந்து பார்த்தால், வண்டியின் மூக்குக்கு நேர் கீழே நிற்கிற ஆள் கண்ணுக்கே தெரியாது. இடது பக்கம் ஒட்டி வருகிற சைக்கிளும் அப்படித்தான்.

அதனால்தான் லாரியில் கிளீனர் இருக்கிறார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் நின்று, “வரலாம்… வரலாம்… ஒடி… ஹோல்டான்!” என்று கத்துகிற அந்தக் குரலை நம்பித்தான் டிரைவர் வண்டியை எடுக்கிறார். இன்னொரு மனிதரை நம்பி ஓட்டுகிற பழக்கம் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்தால் வராது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். போனில் வந்த மெசேஜை ஒரு நொடி குனிந்து பார்த்தால், 17 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

“ஆனா அவரு ஓட்டினாரே?”

இதையும் கேட்பீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ 2011-இல் ‘கிரான் டூரிஸ்மோ’ கேம் போட்டியில் ஜெயித்து, நிஜ கார் ரேஸ் வீரராக ஆனவர். 2013-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. 2023-இல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. உண்மைதான். ஆனால் கேமுக்கும் பந்தயத்துக்கும் நடுவில் நிஜக் காரில் பயிற்சியும் ரேஸ் லைசென்ஸும் இருந்தன. கேம் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

விமானிகளும் சிமுலேட்டரில்தானே பயிற்சி எடுக்கிறார்கள்? எடுக்கிறார்கள். அந்தச் சிமுலேட்டர் அசையும், சாயும், அரசு அமைப்பு சோதித்துச் சான்று கொடுத்தது. பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார், தவறைத் தவறு என்று சொல்வார். நம் மேசைமேல் இருக்கிற கேமில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

அரசு சிமுலேட்டரை ஒதுக்கிவிடவும் இல்லை. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டரும் தனிப் பயிற்சித் தடமும் இருக்க வேண்டும். கனரக வாகனப் பயிற்சி 6 வாரம், மொத்தம் 38 மணி நேரம். முதலில் சிமுலேட்டர், பிறகு தடம், பிறகு ரோடு. இந்த மையத்தில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக்காட்டும் தேர்விலிருந்து விலக்கும் உண்டு.

லைசென்ஸ் எடுக்கும் வழி

ஆர்வம் இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. கார் போன்ற இலகு ரக வாகன லைசென்ஸுக்கு 18 வயது. அதை எடுத்துக் குறைந்தது ஒரு வருடம் ஆன பிறகுதான், போக்குவரத்து வாகனம் ஓட்ட எல்.எல்.ஆர். கிடைக்கும்.

2. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. படிப்பு பாதியில் நின்றவர்களும் விண்ணப்பிக்கலாம்.

3. பரிவாகன் இணையதளத்தில் ‘சாரதி’ பகுதிக்குப் போய், மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, போனிலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவச் சான்று படிவம் 1-ஏ வேண்டும். கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். நடுவில் ஆள் வைத்துக் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

4. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். உரிமம் பெற்ற டிரைவிங் ஸ்கூல் தரும் பயிற்சிச் சான்று, அதாவது படிவம் 5, கனரக வாகனத்துக்குக் கட்டாயம்.

5. போக்குவரத்து வாகன லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேஸ், பெட்ரோல், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனிப் பயிற்சி வேண்டும், அந்த அனுமதி 3 வருடம்தான் செல்லும்.

6. கையில் லைசென்ஸ் வந்ததும் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் அதைக் காட்டினால் செல்லும்.

இன்னொரு விஷயம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. பெரிய லாரிக்குப் போகும் முன் சின்ன சரக்கு வண்டியில் கை பழகுவதற்கு இது நல்ல படி.

பயிற்சிக்கு நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு இருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘கேம்ல நல்லா ஓட்டுறான், ஷெட்ல இருந்து ரோட்டு வரைக்கும்தானே’ என்று 18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்தோ விதிமீறலோ நடந்தால், பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. லாரி டிரைவர் ஆக வேண்டும் என்ற அவன் கனவு அந்த ஒரு சாவியோடு முடிந்துபோகும்.

கேமை இப்படி விளையாடுங்கள்

கேமை நிறுத்தச் சொல்லி நான் வரவில்லை. ஓட்டுவதே ஓட்டுகிறீர்கள், உருப்படியாக ஓட்டுங்கள்.

இடதுபுறம் ஓட்டுகிற வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள். யூரோ டிரக்கில் இங்கிலாந்துப் பகுதி நம்மைப் போல்தான். வெளியிலிருந்து வண்டியைப் பார்க்கிற கேமராவை அணைத்துவிட்டு, டிரைவர் சீட்டிலிருந்து, கண்ணாடியை மட்டும் நம்பி ஓட்டுங்கள். நிஜத்தில் வானத்திலிருந்து பார்க்கிற கண் நமக்கு இல்லை. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல், கியரால் மட்டும் இறங்கிப் பழகுங்கள். இடித்துவிட்டால் உடனே மறுபடி தொடங்காதீர்கள். ஒரு நிமிடம் நிறுத்தி, ஏன் இடித்தோம், அங்கே ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

முடிந்தால், தெரிந்த டிரைவர் ஒருவர் காலையில் வண்டி எடுக்கும் முன் என்ன செய்கிறார் என்று போய்ப் பாருங்கள். டயரைத் தட்டிச் சத்தம் கேட்பார். ஏர் ஏறும் வரை முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். கயிற்றை இழுத்துப் பார்ப்பார். குனிந்து வண்டிக்கு அடியில் நாய், குழந்தை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

என் அத்தை பையன் இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டான். அப்பாவோடு மாற்று டிரைவராகப் போகிறான். தொப்பூர் வந்தால் மட்டும் இன்னும் மாமாதான் ஸ்டீயரிங் பிடிக்கிறார். “இன்னும் ஆறு மாசம் போகட்டும், அப்பவும் நான் பக்கத்துலதான் உட்காருவேன்” என்கிறார். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வாசனை அவனுக்கு மறக்கவில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு இதைத்தான் சொன்னேன்: உன் ஆயிரம் மணி நேரம் வீண் இல்ல தம்பி. ஆயிரத்தோராவது மணி நேரத்தை மட்டும் டிரைவிங் ஸ்கூல்ல, பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்க, ஆரம்பி.

பார்த்துப் போங்க.